மனிலாவில் தீர்ப்பு, சிங்கப்பூரில் கடன்: ஜெனரல் யமஷிதா பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜப்பானியத் தரைப்படை ஜெனரல் தொமொயுக்கி யமஷிதா 1946 பெப்ரவரி 23 அன்று பிலிப்பைன்ஸின் லொஸ் பானியோஸில் தூக்கிலிடப்பட்டார். மனிலாவிலும் பிலிப்பைன்ஸின் பிற இடங்களிலும் அவருடைய படையினர் செய்த கொடுமைகளுக்கான தண்டனை அது. சிங்கப்பூரில் அவருடைய கட்டளையின்கீழ் நடந்த படுகொலைக்காக எந்த நீதிமன்றமும் அவரை ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை. படை முழுவதும் அவர் சொற்கேட்டு நடந்த இடத்துக்கு வழக்கில்லை. படை அவர் கையைவிட்டுப் போயிருந்த இடத்துக்குத் தூக்கு. அவரைப் பற்றி நாட்டுக்கு நாடு வேறுபடும் நினைவுகளில் பெரும்பாலானவை இந்தக் கோணலிலிருந்துதான் கிளைக்கின்றன.

கொழும்பில் இந்த வழக்கைப் படிக்க வேண்டியவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் சட்ட மாணவர்களும் இளம் சட்டத்தரணிகளும். 2009க்குப் பிறகு தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வந்துபோகும் ‘கட்டளைப் பொறுப்பு’ என்ற, படையினரின் குற்றத்துக்குத் தளபதியும் பதில்சொல்ல வேண்டும் என்னும் கோட்பாட்டின் நவீன வேர் மனிலா விசாரணையில் இருக்கிறது. மற்ற வகையினர் இரண்டாம் உலகப் போரைக் கற்பிக்கும் ஆசிரியர்கள். கொழும்பில் விழுந்த குண்டு, மலாயாவில் நின்றுபோன பென்சன், சயாம் ரயில்பாதையில் செத்த தோட்டத்து ஆட்கள் எல்லாம் வகுப்பில் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு ‘ஜப்பான்காரன் காலம்’ என்ற பெயரில் வைக்கப்படுகின்றன. மூட்டையை அவிழ்த்தால்தான் எந்தச் செயலுக்கு எந்த அதிகாரி பொறுப்பு என்று தெரியும்.

முதலில் திகதிகள்

ஒரு தளபதியின் பொறுப்பை ஆராயும்போது முதல் வேலை, அவர் எந்த நாள் முதல் எந்த நாள் வரை எந்தப் படைக்குக் கட்டளையிட்டார் என்று ஒரு தாளில் எழுதி வைப்பது. இதைச் செய்யாமல் எழுதப்பட்ட கட்டுரைகள்தான் அதிகம்.

யமஷிதா 1885இல் கொச்சி மாநிலத்தில் பிறந்தவர். 1936 பெப்ரவரி 26இல் தோக்கியோவில் இளம் அதிகாரிகள் நடத்திய கிளர்ச்சியின்போது அவர்கள் பக்கம் அனுதாபம் காட்டியதால் மேலிடத்தின் நம்பிக்கையை இழந்து கொரியாவுக்கு அனுப்பப்பட்டார். 1941 நவம்பரில் 25ஆம் படையணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. டிசெம்பர் 8 அன்று அப்படை கொத்தபாருவிலும் தென் தாய்லாந்திலும் கரையிறங்கியது. சைக்கிள்களில் மலாயாவை நெடுக்காகக் கடந்து, 1942 பெப்ரவரி 15 மாலை புக்கித் தீமாவில் உள்ள போர்ட் மோட்டார் தொழிற்சாலையில் பிரித்தானியத் தளபதி ஜெனரல் பேர்சிவலின் சரணாகதியைப் பெற்றது. அவ்வேளை சிங்கப்பூரில் யமஷிதாவிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 30,000 பேர். எதிர்ப்பக்கம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 1942 யூலையில் அவர் மன்சூரியாவுக்கு மாற்றப்பட்டார். பிலிப்பைன்ஸில் 14ஆம் பிராந்தியப் படையின் பொறுப்பை ஏற்றது 1944 ஒக்டோபரில். சில நாட்களில், ஒக்டோபர் 20 அன்று, அமெரிக்கப் படைகள் லெய்த்தேயில் இறங்கிவிட்டன. 1945 செப்டெம்பர் 2 அன்று கியாங்கான் மலைப்பகுதியிலிருந்து வெளியே வந்து, மறுநாள் பாகியோவில் சரணடைந்தார். அந்தச் சரணாகதி மேசையருகே பேர்சிவலை அழைத்துவந்து நிறுத்தியிருந்தார்கள். மூன்றரை ஆண்டுக்கு முந்திய கணக்கு ஒன்று அங்கேயே தீர்த்துக்கொள்ளப்பட்டது.

ஆக, சிங்கப்பூரில் ஐந்து மாதம், பிலிப்பைன்ஸில் பதினொரு மாதம், இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் மன்சூரியா. இந்த வெற்றிடம் முக்கியமானது. கொழும்பிலும் மலையகத்திலும் இந்தக் கதை சொல்லப்படும்போது தவறு நுழைவது இந்த இடத்தில்தான்.

சிங்கப்பூர்: உத்தரவு இருந்த இடம்

சரணாகதிக்கு மூன்று நாட்களுக்குப் பின்னர், பெப்ரவரி 18இல், சீன ஆண்களைத் திரட்டிச் சலித்தெடுக்கும் நடவடிக்கை தொடங்கியது. தெருக்களை முட்கம்பியால் அடைத்து, 18 முதல் 50 வயது வரையான ஆண்களை வரச்சொல்லி, சிலருக்கு ‘சோதிக்கப்பட்டவர்’ என்று முத்திரை குத்தி விட்டார்கள். மற்றவர்களை லொறிகளில் ஏற்றிக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோனார்கள். முத்திரை சிலருக்குத் தாளில் கிடைத்தது, சிலருக்குச் சட்டையிலும் கையிலும் விழுந்தது. சோதனைச் சாவடிக்குச் சாவடி அளவுகோல் வேறுபட்டது. ஓரிடத்தில் ஆசிரியர் என்றால் ஆபத்து. இன்னோரிடத்தில் பச்சை குத்தியிருந்தால் ஆபத்து.

எண்ணிக்கையை எழுதும்போது யார் சொன்ன எண் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 5,000. சிங்கப்பூர்ச் சீனர் சமூகத்தில் சொல்லப்படுவது 50,000 வரை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ‘நியாயமான’ எண் ஒன்றைத் தயாரிக்கும் பழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. அப்படி வகுத்த எண்ணுக்குச் சாட்சி சொல்ல எவரும் இருக்கமாட்டார்.

1947இல் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் இந்தப் படுகொலைக்காக ஏழு அதிகாரிகளை விசாரித்தது. நகரக் காவற்படைத் தளபதி கவமுரா சபுரோவும் கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் பொலிஸின் அதிகாரி ஒயிஷி மசயுக்கியும் தூக்கிலிடப்பட்டார்கள். ஐவருக்கு ஆயுள் தண்டனை. உத்தரவு தனக்கு யமஷிதாவிடமிருந்து வந்தது என்று கவமுரா அந்த விசாரணையில் சொன்னார். அப்போது யமஷிதா இறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. திட்டத்தை முன்னின்று தள்ளியவராகப் பலராலும் சுட்டப்படும், யமஷிதாவின் படைத் திட்ட அதிகாரி சுஜி மசனொபு எந்த விசாரணைக்கும் பிடிபடவில்லை. 1952இல் ஜப்பானியப் பாராளுமன்ற உறுப்பினராகி, 1961இல் லாவோஸில் காணாமற்போனார். உத்தரவிட்டவர் வேறொரு வழக்கில் செத்துப்போனார், திட்டமிட்டவர் தப்பிவிட்டார், நிறைவேற்றியவர்களில் இருவர் மட்டும் தூக்கில். தீராத கணக்கு என்ற உணர்வு சிங்கப்பூரில் ஏன் இவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அந்தக் கணக்குக்குப் பண வடிவமும் இருந்தது. 1942இல் மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்களிடம் 5 கோடி டொலர் ‘அன்பளிப்பு’ கேட்கப்பட்டது. முழுத்தொகையைத் திரட்ட முடியாமல், மிச்சத்தை யோக்கோஹாமா வங்கியில் கடன் வாங்கி, யூன் மாதம் யமஷிதாவிடமே ஒப்படைத்தார்கள். 1962இல் சிக்லாப் பகுதியில் மனித எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டபோது பழைய கோபம் மேலெழுந்தது. 1963 ஓகஸ்டில் ‘இரத்தக் கடன்’ கேட்டு நகர மண்டபத்துக்கு முன்னால் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடினார்கள். சீன வர்த்தக சங்கம் கேட்ட தொகையும் 5 கோடி டொலர்தான். 1966இல் ஜப்பான் இணங்கியது: பாதி நன்கொடை, பாதி கடன். இழப்பீடு என்ற பெயரில் எதுவும் தரப்படவில்லை.

பீச் வீதியருகே 60 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பொதுமக்கள் போர் நினைவுச்சின்னத்தை 1967 பெப்ரவரி 15 அன்று பிரதமர் லீ குவான் யூ திறந்து வைத்தார். நான்கு தூண்கள்: சீனர், மலாயர், இந்தியர், ஏனையோர். கேட்டது சீன வர்த்தக சங்கம், தோண்டியெடுத்தவை பெரும்பாலும் சீனரின் எலும்புகள். கட்டியதோ நான்கு இனத்துக்கும் பொதுவான சின்னம். புதிதாகப் பிறந்த நாடு ஒன்று ஒரு இனத்தின் துக்கத்தைத் தேசத்தின் துக்கமாக மாற்றிக்கொண்ட முறை இது. ஆனால் 1942இல் அங்கிருந்த இந்தியரின் அனுபவம் சீனரின் அனுபவம் அல்ல. பெப்ரவரி 17 அன்று ஃபாரர் பூங்காவில் பிரித்தானியப் படையிலிருந்த பல்லாயிரம் இந்தியப் படையினர் தனியே பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அந்த மைதானம். ஒரே கிழமையில், ஒரே தளபதியின் கீழ், ஒரு இனத்தாருக்குக் கடற்கரைக் குழியும் இன்னோர் இனத்தாருக்கு விடுதலைப் படையில் சேரும் அழைப்பும் கிடைத்தன. நான்கு தூணும் ஒரே உயரம் என்பதால் இந்த வேறுபாடு அங்கே கண்ணுக்குத் தெரியாது.

போர்ட் தொழிற்சாலையில் 2006இல் நினைவுக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. 2017 பெப்ரவரியில் புதுப்பித்தபோது ஆக்கிரமிப்புக் காலத்தில் நகருக்கு ஜப்பானியர் இட்ட ‘ஷொனான்’ என்ற பெயரைக் கூடத்துக்குச் சூட்டினார்கள். எதிர்ப்பு எழுந்து, திறந்த இரண்டு நாளில் பெயர் நீக்கப்பட்டு, அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். எதிர்ப்பு பெயரைப் பற்றியது; உள்ளே இருந்த காட்சிப்பொருள்களைப் பற்றியதல்ல. நூதனசாலைக்காரருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு: காட்சிப் பெட்டிக்குள் வைத்தால் சான்றாகிற சொல், வாசற் பலகையில் ஏறினால் மரியாதையாகிவிடுகிறது.

தோட்டத்து ஆட்களும் சயாம் ரயிலும்

தமிழ் வாசகர் இந்தக் காலத்தை நினைத்தவுடன் வருவது சயாம் மரண ரயில். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீற்றர் நீளமான பாதை. 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபர் 17இல் இரு முனைகளும் சந்தித்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் இறப்பு அதைவிடப் பன்மடங்கு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் றப்பர் தோட்டத் தமிழர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி இம்மூன்றும் வேலையைச் செய்தன. கைதிகளுக்குச் சொந்த மருத்துவர்களும் கொதிநீர் ஒழுங்கும் இருந்தன. தோட்டத்து ஆட்களின் முகாம்களில் அவற்றில் எதுவும் இருக்கவில்லை. கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்ததால் கல்லறையும் உண்டு. ஆள்கணக்கே எழுதப்படாதவர்களுக்குக் கல்லறையும் இல்லை.

இந்தக் கொடுமையை யமஷிதாவின் தலையில் வைத்து எழுதுவது எளிது, ஆனால் பிழை. தோட்டங்களிலிருந்து பெருந்தொகையாக ஆள்பிடித்தது 1943இல். அப்போது அவர் மன்சூரியாவில். பாதை, தென்கிழக்காசியா முழுவதற்குமான ஜப்பானியத் தென்பகுதிப் படைத் தலைமையகத்தின் திட்டம். அதேபோல, 1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பின்மீதும் ஏப்ரல் 9இல் திருகோணமலைமீதும் பறந்து வந்தவை வைஸ் அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள். அது கடற்படை, யமஷிதாவின் கட்டளைக்குள் வராது. ஒரு பெரிய பெயர் கிடைத்துவிட்டால் எல்லாப் பாவத்தையும் அதன்மேல் ஏற்றிவிடத் தோன்றும். அப்படி ஏற்றும்போது, உண்மையில் பொறுப்பானவரின் பெயர் ஏட்டிலிருந்து நழுவிவிடும்.

மனிலா: வழக்கு எப்படி நடந்தது

1945 சனவரியில் யமஷிதா மனிலாவைக் காப்பதில்லை என்று முடிவெடுத்து வடக்கே மலைகளுக்குப் போனார். ரியர் அட்மிரல் இவபுச்சியின் கீழிருந்த கடற்படைப் பிரிவினரும் சில தரைப்படையினருமாக 16,000 பேரளவில் நகருக்குள் நின்றுகொண்டார்கள். பெப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை நடந்த சண்டையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பொதுமக்கள் இறந்தார்கள். வீடுகளிலும் தேவாலயங்களிலும் வைத்தியசாலைகளிலும் ஜப்பானியர் கொன்றவர்கள் ஆயிரக்கணக்கில். அமெரிக்கப் பீரங்கி வீச்சில் செத்தவர்களும் அந்த ஒரு இலட்சத்துக்குள் அடக்கம்.

விசாரணை நடைபெற்ற முறை சட்ட மாணவர் வரிசையாகப் பார்க்க வேண்டியது. அமெரிக்கத் தளபதி மக் ஆர்தரின் கட்டளைப்படி ஐந்து ஜெனரல்களைக் கொண்ட ஆணைக்குழு அமைந்தது. ஐவரில் ஒருவரும் சட்டத்தரணி அல்ல. 1945 ஒக்டோபர் 8இல் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது: 1944 ஒக்டோபர் 9 முதல் 1945 செப்டெம்பர் 2 வரை, தன் படையினரைக் கட்டுப்படுத்தும் தளபதியின் கடமையை அவர் புறக்கணித்து, அவர்கள் கொடுமைகள் செய்ய இடமளித்தார் என்பது. அவர் உத்தரவிட்டார் என்றோ, அறிந்திருந்தார் என்றோ குற்றப்பத்திரத்தில் இல்லை. விபரக் கூற்றில் முதலில் 64 சம்பவங்கள். விசாரணை தொடங்கும் தறுவாயில் மேலும் 59 சேர்க்கப்பட்டன. தயார்செய்ய அவகாசம் கேட்ட எதிர்த்தரப்புக்கு அது கிடைக்கவில்லை. செவிவழிச் சாட்சியமும், குறுக்கு விசாரணைக்கு வராதவர்களின் சத்தியக்கடதாசிகளும் ஏற்கப்பட்டன. ஒக்டோபர் 29இல் தொடங்கி 286 சாட்சிகளைக் கேட்டு, டிசெம்பர் 7இல், பேர்ல் துறைமுகத் தாக்குதலின் நான்காம் ஆண்டு நாளில், தீர்ப்பு வந்தது. அந்தத் திகதி தற்செயல் என்று நம்புவது கடினம்.

தீர்ப்பின் மையம் இரண்டு கண்டறிதல்கள். கொடுமைகள் அங்கொன்று இங்கொன்றாக நடந்தவை அல்ல, பல சந்தர்ப்பங்களில் அதிகாரிகளின் மேற்பார்வையில் ஒழுங்காக நடந்தவை; நிலைமைக்குத் தேவையான கட்டுப்பாட்டை யமஷிதா செலுத்தத் தவறினார். அறிந்திருந்தாரா என்ற கேள்விக்கு நேர்விடை இல்லை.

டிசெம்பர் 19இல் பிலிப்பைன்ஸ் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 1946 பெப்ரவரி 4இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 6க்கு 2 என்ற கணக்கில் தள்ளியது. இங்கே ஒரு நுட்பத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். தலைமை நீதியரசர் ஸ்டோனின் பெரும்பான்மைத் தீர்ப்பு, குற்றமா இல்லையா என்பதைத் தாம் பார்க்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆணைக்குழுவுக்கு நியாயாதிக்கம் உண்டா, குற்றச்சாட்டு போர்ச்சட்ட மீறல் ஒன்றைச் சொல்கிறதா என்பவைதான் பார்க்கப்பட்டன. ‘தெரியாவிட்டாலும் தளபதி குற்றவாளி என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது’ என்று விரிவுரைக் குறிப்புகளில் எழுதுவது அளவுமீறிய சுருக்கம்.

மறுப்புத் தீர்ப்பு எழுதிய மர்பி, ரட்லெஜ் இருவரும் இன்று பெரும்பான்மையைவிட அதிகம் வாசிக்கப்படுகிறார்கள். மர்பியின் வாதம் படைநடத்தல் அறிந்தவர்களுக்கு உடனே புரியும்: தொடர்புக் கம்பிகளை அறுத்ததும், படைகளைச் சிதறடித்ததும், கட்டுப்பாட்டைக் குலைத்ததும் நாமே, பிறகு, கட்டுப்படுத்தத் தவறினாய் என்று தண்டிப்பதும் நாமே. இதற்கு எதிராகவும் சொல்ல உண்டு. கொடுமைகள் மனிலாவில் மட்டும் நடக்கவில்லை. பத்தங்காஸ், லகுனா மாகாணங்களில் கெரில்லாக்களை ஒடுக்குவதாகச் சொல்லி ஊர் ஊராகக் கொன்றவை தரைப்படைப் பிரிவுகள். மனிலாவை மட்டும் வைத்து யமஷிதாவை அப்பாவியாக்குவோர் இந்த மாகாணங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. எங்கள் மதிப்பீட்டில், நடைமுறை அநீதியானது. ஆனால் அதிலிருந்து ஆள் நிரபராதி என்று முடிவுகட்ட முடியாது.

பிலிப்பைன்ஸ்: புதையலாகிப்போன பெயர்

இவ்வளவு நடந்த நாட்டில் இன்று யமஷிதா என்றால் முதலில் நினைவுக்கு வருவது தங்கம். தென்கிழக்காசியாவில் கொள்ளையடித்த பொன்னை அவர் மலைக்குகைகளில் புதைத்துவிட்டுப் போனார் என்ற நம்பிக்கை. வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. 1944 இறுதியில் கடல்வழி அமெரிக்கர் கையில் இருக்க, தோல்வி நிச்சயமான ஒரு நாட்டுக்குப் பொன்னைக் கொண்டுவந்து இறக்குவானேன்? இருந்தும் தோண்டல் நிற்கவில்லை. கிடங்கு இடிந்து, சுரங்க வாயுவில் மூச்சடைத்துச் சாவோர் இன்னும் உண்டு. புதையல் தோண்டத் தேசிய நூதனசாலையின் அனுமதிப்பத்திரம் பெறும் நடைமுறையே அங்கே இருக்கிறது.

நம்பிக்கைக்குத் தீனி போட்டது ரொகேலியோ ரொஹாஸ் என்பவரின் வழக்கு. 1971இல் தான் கண்டெடுத்த பொன் புத்தர் சிலையை அப்போதைய ஜனாதிபதி மார்க்கொஸின் ஆட்கள் பறித்தார்கள் என்று 1988இல் ஹவாயில் வழக்குத் தொடுத்தார். 1996இல் யூரிகள் 2,200 கோடி டொலர் நட்டஈடு விதித்தார்கள். 1998இல் ஹவாய் உயர் நீதிமன்றம் அந்தப் பெருந்தொகையை நீக்கிவிட்டது. 1970களுக்குப் பின் யமஷிதாவின் பெயர் மார்க்கொஸின் களவைப் பேசும் பெயராக மாறியதில் இவ்வழக்குக்குப் பெரும் பங்குண்டு. கொன்ற தளபதி பின்னால் போய், கொள்ளையடித்த ஜனாதிபதி முன்னால் வந்துவிட்டார்.

மனிலாவில் இறந்த பொதுமக்களுக்கான நினைவுச்சின்னம் இன்ட்ராமுரோஸில் எழ 1995 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1953இல் ஜனாதிபதி கிரினோ, சிறையிலிருந்த ஜப்பானியப் போர்க்குற்றவாளிகள் 100க்கு மேற்பட்டோருக்கு மன்னிப்பளித்தார். அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் மனிலாச் சண்டையில் ஜப்பானியரால் கொல்லப்பட்டவர்கள். தன் பிள்ளைகள் ஒரு மக்கள் கூட்டத்தையே வெறுத்து வளரக்கூடாது என்று அவர் காரணம் சொன்னார். இழப்பீட்டுப் பேச்சும் பனிப்போரும் பின்னணியில் இருந்தன.

ஜப்பான்: ஓய்வூதியப் பட்டியல் வழியாக

ஜப்பானில் அவர் ‘மலாயாப் புலி’; அந்தப் பட்டம் அவருக்கே பிடிக்கவில்லை என்பார்கள். அங்கே நினைவை வடிவமைத்ததில் பெரும்பங்கு ஓர் அலுவலக நடைமுறைக்கு உண்டு. போரில் இறந்தோரின் குடும்பங்களுக்கு உதவும் 1952ஆம் ஆண்டுச் சட்டம் 1953இல் திருத்தப்பட்டு, போர்க்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டோரின் குடும்பங்களையும் உள்வாங்கியது. அரச அமைச்சு தயாரித்த பெயர்ப்பட்டியல், போரில் இறந்தோரைத் தெய்வமாக வணங்கும் யசுகுனி ஆலயத்துக்குப் போனது; 1959 முதல் பி, சி வகுப்புக் குற்றவாளிகள், அதாவது போர்க்களக் கொடுமைகளுக்காகத் தண்டிக்கப்பட்டோர், அங்கே சேர்க்கப்பட்டார்கள். யமஷிதாவும் அதில் ஒருவர். உலகம் கூச்சலிடுவது 1978இல் சேர்க்கப்பட்ட, போரையே திட்டமிட்டு நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 14 ‘ஏ’ வகுப்பினரைப் பற்றி. யமஷிதாவின் சேர்க்கை அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னரே சந்தடியின்றி முடிந்துவிட்டது. வென்றவர்களின் நீதிக்குப் பலியானவர் என்ற வாதம் அங்கே அவர் விடயத்தில் எளிதாக எடுபடுகிறது. மர்பியின் மறுப்பு அதற்கு அமெரிக்க முத்திரையும் தருகிறது. சிங்கப்பூர்க் கடற்கரைகளைப் பற்றி அந்த மறுப்பில் ஒரு வரியும் இல்லை. இருக்கவும் முடியாது, அது வழக்கில் இல்லை.

பிரித்தானியரின் நினைவில் யமஷிதா ஒரு துணைப்பாத்திரம். அவர்களுடைய வாதம் முழுவதும் பேர்சிவலா, சர்ச்சிலா தவறு செய்தது என்பதைச் சுற்றியது.

இலங்கை: றப்பரும் கூப்பனும்

கொழும்பில் யமஷிதாவுக்கு நினைவுச்சின்னமும் இல்லை, வசைப்பாட்டும் இல்லை. ஆனால் அவருடைய வெற்றி இங்கே சமையலறை வரை வந்தது. மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் விழுந்தபின் நேச நாடுகளுக்கு மிஞ்சிய முக்கிய இயற்கை றப்பர் மூலம் இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை ஒட்ட வெட்டிப் பாலெடுத்தார்கள். வெட்டியவர்களில் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். பர்மாவும் விழுந்ததால் அரிசி வரத்து நின்று, 1942இல் பங்கீடு வந்தது; ‘கூப்பன்’ என்ற சொல் நம் வீடுகளில் நிலைத்தது அப்போதுதான். யாழ்ப்பாணத்து மலாயாப் பென்சன்காரர் வீடுகளில் அங்கிருந்து வரும் பணமும் கடிதமும் நின்றுபோயின.

1951 செப்டெம்பர் 6இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன பேசியபோது இலங்கையின் சேதக் கணக்கில் சொன்னவை விமானத் தாக்குதல், தீவில் குவிந்த படைகள், வெட்டிக் கெடுத்த றப்பர் மரங்கள். இழப்பீடு வேண்டாம் என்று கூறி, வெறுப்பை வெறுப்பால் தணிக்க முடியாது என்ற புத்தர் வாக்கை மேற்கோள் காட்டினார். ஜப்பானின் காமகுராப் பெரிய புத்தர் கோயிலில் அதற்கு நன்றிக்கல் நிற்கிறது. மலாயாவில் இறந்த இலங்கைத் தமிழரோ சயாமில் இறந்த தோட்டத் தமிழரோ அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. விட்டுக்கொடுத்தது இலங்கை அரசின் கடன். அவர்களுடைய கடனைக் கேட்கவே எவரும் எழுந்திருக்கவில்லை.

சட்டம் கொண்டுவந்து சேர்த்த இடம்

மனிலாவில் வைத்த அளவுகோலை அடுத்துவந்த நீதிமன்றங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1948இல் நியூரம்பேர்க்கில் ஜெர்மன் உயர் கட்டளையகத்தினரை விசாரித்த அமெரிக்க நீதிமன்றம், தளபதியின் சொந்தப் புறக்கணிப்பு காட்டப்பட வேண்டும் என்றது. அமெரிக்கத் தரைப்படையின் 1956ஆம் ஆண்டுக் களக் கைந்நூல் ‘அறிந்திருந்தார் அல்லது அறிந்திருக்க வேண்டும்’ என்று எழுதியது. ஆனால் வியட்நாமில் அமெரிக்கப் படையினர் செய்த மை லாய் படுகொலைக்காக 1971இல் கப்டன் மெடினா விசாரிக்கப்பட்டபோது யூரிகளுக்கு நீதிபதி சொன்ன அளவுகோல் ‘உண்மையில் அறிந்திருந்தார்’, மெடினா விடுதலையானார். ஜப்பானிய ஜெனரலுக்கு ஒரு முழம், அமெரிக்கக் கப்டனுக்கு வேறு முழம். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாம் மேலதிக நெறிமுறை, சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998ஆம் ஆண்டு ரோம் சட்டத்தின் 28ஆம் உறுப்புரை ஆகியவை நடுவழி தேடின. 2018இல் கொங்கோப் படைத் தலைவர் பெம்பாவின் மேன்முறையீட்டில் அந்த நீதிமன்றம் அவரை விடுவித்தது; தொலைவிலிருக்கும் தளபதிக்கு விசாரிப்பதில் உள்ள தடைகள் போதியளவு கவனிக்கப்படவில்லை என்பது காரணங்களுள் ஒன்று. மர்பி கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

2020 பெப்ரவரி 14இல் ஐக்கிய அமெரிக்கா அப்போதைய இலங்கை இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு நுழைவுத் தடை விதித்தபோது, 2009இல் 58ஆம் படைப்பிரிவு செய்ததாகக் கூறப்படும் சட்டத்துக்குப் புறம்பான கொலைகளில் ‘கட்டளைப் பொறுப்பின்’ வழியே அவருக்குத் தொடர்பு இருப்பதாகக் காரணம் காட்டியது. இலங்கை அரசு கடுமையாக ஆட்சேபித்தது. குற்றச்சாட்டு மறுக்கப்பட்டே வருகிறது. இது நிருவாகத் தீர்மானம். சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எதுவும் இதில் இல்லை. தெற்கில் இதை மனிலாபோன்ற வென்றவர் நீதியாக வாசிப்போரும், வடக்கிலும் கிழக்கிலும் இதைச் சிங்கப்பூர்போன்ற தீராக் கணக்கின் முதல் வரியாக வாசிப்போரும் உண்டு. இரு வாசிப்புக்கும் யமஷிதா வழக்கு உதாரணம் தருகிறது. அதனால்தான் அதை அரைகுறையாக மேற்கோள் காட்டுவது இங்கே மிகுந்த விலை கேட்கும்.

கொழும்பு நீதிமன்றம் ஒன்றில் இக்கோட்பாட்டை எழுப்ப நினைப்பவர் கவனிக்க வேண்டியவை சில. இலங்கை ரோம் சட்டத்திலும் 1977ஆம் ஆண்டு நெறிமுறைகளிலும் தரப்பு அல்ல. 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் பாரிய மீறல்களைக் குற்றமாக்குகிறது. அந்த வகை மீறல்கள் அடிப்படையில் நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியவை என்பதால் உள்நாட்டுப் போருக்கு அதைப் பொருத்துவது இடறும். மேலதிகாரிப் பொறுப்பு தெளிவாக வருவது வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில். ஆனால் அங்குள்ள அளவுகோல் ‘அறிந்திருந்தார், அல்லது தெளிவாகக் காட்டிய தகவலை வேண்டுமென்றே புறந்தள்ளினார்’ என்பது. ரோம் சட்டத்தில் இது சிவில் மேலதிகாரிக்கு வைத்த அளவு. இராணுவத் தளபதிக்கு அங்கே ‘அறிந்திருக்க வேண்டும்’ போதும். ஆகவே இச்சட்டத்தின் கீழ் கோவை தயாரிப்பவர் மனிலாவில் வழக்குத்தொடுநர் செய்யாத வேலையைச் செய்தாக வேண்டும்: நிலைமை அறிக்கைகள், வானொலித் தொடர்புப் பதிவேடுகள், கட்டளைத் தாள்கள், அவை மேசைக்கு வந்து சேர்ந்த நேரம். கொடுமைகள் எவ்வளவு பரவலாக நடந்தன என்பதை மட்டும் அடுக்கினால் இந்த அளவுகோலைத் தாண்டாது.

சட்டத்துக்கு முந்திய செயல்களுக்கு அதைப் பிரயோகிக்கலாமா என்பது அடுத்த தடை. அரசியலமைப்பின் 13(6) ஆம் உறுப்புரை பின்னோக்கிய குற்றவியற் சட்டத்தைத் தடுக்கிறது. அதன் காப்புவாசகமோ, செய்யப்பட்ட வேளையில் நாடுகளின் சமுதாயம் ஏற்ற பொதுச் சட்டத் தத்துவங்களின்படி குற்றமாயிருந்த செயலை விசாரிப்பதற்கு அது குறுக்கே நிற்காது என்கிறது. கட்டளைப் பொறுப்பு அப்படியொரு தத்துவமாக எந்த ஆண்டிலிருந்து, எந்த அளவுகோலில் ஏற்கப்பட்டது என்று நீதிமன்றம் கேட்கும். விடையளிக்க எழும் சட்டத்தரணி மனிலாவிலிருந்து தொடங்கலாம். 1948இன் தீர்ப்புகளையும் 1977இன் நெறிமுறையையும் சேர்க்காமல் அங்கேயே நின்றுவிட்டால், எதிர்த்தரப்பு மர்பியின் மறுப்பை எடுத்து வாசிக்கும்.